அறிவுப்பொறிக்கு உடைமை உரிமை தகுமோ?

கருவி செய்த வினைக்குக் கருவியைக் கையாண்டவனே பொறுப்பாளன் என்பது தொன்றுதொட்டு வரும் உலக வழக்கு. "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்னும் பழமொழி இவ்வழக்கின் சுருக்கமேயாம். ஆயின், இந்நாளில் அம்பு தானே குறி பார்க்கத் தொடங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவு எனப் பெயர் பெற்ற கணிப்பொறி முறைகள் கடிதம் எழுதுகின்றன, படம் வரைகின்றன, நோய்க்குறி காண்கின்றன, வணிகரோடு விலையும் பேசுகின்றன. ஆதலின், இத்தகைய அறிவுப்பொறிகளைச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகக் கொண்டு, அவை தம் பெயரில் பொருள் ஈட்டவும், நிலம் வாங்கவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்குத் தொடுக்கவும் உரிமை நல்கலாமா என்னும் வினா அறிஞரிடையே எழுந்துள்ளது. அவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இஃது ஏதோ மேனாட்டுப் பேராசிரியர் பொழுதுபோக்காக எழுப்பிய வினா என்று மாணவ நேயர்கள் கருதலாகாது. திருப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலையும், சேலத்திலிருந்து கொச்சி செல்லும் பெருஞ்சாலையும் கூடுமிடத்தில் பெருமாநல்லூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் சட்டம் அறிந்த ஆட்கள் மூவகையினர். முதல்வகையினர் அங்கு வாழும் மக்கள். இரண்டாவது, பங்குனியில் குண்டம் இறங்கும் அடியார் கூட்டத்தைத் தன்பால் ஈர்க்கும் கொண்டத்துக் காளியம்மன். ஏனெனில் நம் நாட்டுச் சட்டப்படி கோயிலில் நிறுவப்பெற்ற தெய்வமும் உடைமை கொள்ளவல்ல ஆளே. மூன்றாவது, அவ்வட்டாரத்தில் நிறைந்துள்ள பனியன் கம்பெனிகளுள் சட்டப்படி பதிவு பெற்றவை. இம்மூவரோடு நான்காமவராக அறிவுப்பொறியையும் சேர்க்கலாமா என்பதே நம்முன் உள்ள வினா.

ஆள் என்பது யாது?

சட்டத்தில் ஆள் என்னும் சொல் மனிதன் என்னும் சொல்லோடு ஒரு பொருட்டன்று. 1897-ஆம் ஆண்டின் பொதுச் சொற்பொருட் சட்டம், கம்பெனியும் சங்கமும் ஆள் என்னும் சொல்லில் அடங்கும் என்று வகுத்துள்ளது. உரிமை பெறவும் கடமை சுமக்கவும் தகுந்தது எது என்று சட்டம் கருதுகின்றதோ அதுவே ஆள். இத்தகுதி இயற்கையால் வருவதன்று. சட்டம் ஒரு பயன் கருதித் தருவது.

தருகின்ற கை எப்பொழுதும் நேர்மையுடன் தந்தது என்று சொல்வதற்கில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1600-ஆம் ஆண்டிலேயே அரச சாசனத்தால் ஓர் ஆளாயிற்று. ஆளாகிப் பின்னர் நாட்டையே ஆண்டது. அதே நாட்டில் பிறருடைய உடைமையாக எண்ணப்பட்ட அடிமை மக்களைக் குறித்து, அவ்வடிமை நிலையை நீதிமன்றங்கள் ஏற்றல் கூடாது என்னும் சட்டம் 1843-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. உயிரற்ற கம்பெனி ஆளாகி ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரே, உயிருள்ள அம்மனிதர்க்கு அவ்வளவு நீதி கிடைத்தது. ஆதலின், புதிதாக ஒன்றை ஆளாக்க முற்படும்போது, அதனால் யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு என்று வினவுதல் நம் கடமையாம்.

தெய்வம் உடைமை கொள்ளும் முறை

"கல்லிலும் செம்பிலும் செய்த திருவுருவம் நிலம் கொள்ளுமாயின், சிந்திக்கும் பொறி ஏன் கொள்ளலாகாது?" என்பது எதிர்வாதியாரின் வலிய வினா. இதற்கு விடை காணத் தெய்வத்தின் உரிமை எத்தகையது என்று ஆராய்தல் வேண்டும்.

1925-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கௌன்சில் கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் வழக்கைத் தீர்த்தது. குடும்பத் தெய்வத்தைத் தம் முறை வரும்போது வேறிடத்திற்குக் கொண்டு செல்லலாமா என்று பூசையுரிமை உடையார் வழக்காடினர். திருவுருவம் கைமாற்றத்தக்க வெறும் பொருளன்று. அஃதொரு சட்ட ஆள். அதன் நன்மையை எடுத்துரைக்கத் தன்னலமற்ற ஒருவர் வேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். தெய்வத்தை என்றும் வயது வராத மைனராகக் கருதுவதும், அதன் பொருட்டுக் காப்பாளர் ஒருவர் செயலாற்றுவதும் நம் நீதிமன்ற வழக்கு. அக்காப்பாளர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையச் சட்டப்படி, தருமகர்த்தர் கோயில் நிலத்தைத் தம் விருப்பப்படி விற்றல் இயலாது. ஆணையாளரின் இசைவு வேண்டும். 1969-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெய்வத்தின் வருமானத்திற்கும் வரி உண்டு என்று தீர்ப்பளித்தது. உரிமை சென்ற இடத்திற்குக் கடமையும் உடன் சென்றது காண்க.

இவ்வுரிமையால் விளைந்த நன்மைக்குப் பத்தூர் நடராசர் வழக்கு சிறந்த சான்று. தஞ்சை மாவட்டமாக அந்நாளில் இருந்த பகுதியிலுள்ள பத்தூரில், இடிந்து கிடந்த கோயிலின் அருகே 1976-ஆம் ஆண்டில் மண்ணுக்குள்ளிருந்து நடராசர் செப்புத் திருமேனி ஒன்று கிடைத்தது. அது கைமாறிக் கடல் கடந்து, கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றால் 1982-ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. இலண்டனில் வழக்கு நடந்தபோது, பத்தூர்க் கோயிலே வழக்காளியாக நின்றது. பூசையின்றிப் பாழடைந்த கோயிலும் வழக்குத் தொடுக்கவல்லது என்று ஆங்கில நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் ஏற்றது. திருமேனி தாயகம் திரும்பியது.

இவ்வழக்கில் ஆள் என்னும் நிலை யாரைக் காத்தது? பேச வாயற்ற ஒன்றையும், அதன்பால் அன்பு பூண்ட ஊராரையும் காத்தது. திருடியவர் பொறுப்பினின்று தப்புதற்கு அது துணைசெய்யவில்லை. பொறுப்பை அவர்மேல் நாட்டுதற்கே துணைசெய்தது. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்துவாராக.

கம்பெனி என்னும் ஆள்

இனிக் கம்பெனியை நோக்குவோம். பலர் பொருளை ஒன்றுகூட்டித் தொழில் செய்தற்கும், ஒருவர் இறப்பினும் தொழில் இறவாதிருத்தற்கும் கம்பெனி என்னும் ஆள் பெரிதும் பயன்படுவதே. நம் திருச்சபைகளும் இம்முறையைக் கைக்கொண்டுள்ளன. 1947-ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையின் உடைமைகளைத் தாங்குதற்கென ஒரு டிரஸ்டு அசோசியேஷன் கம்பெனிச் சட்டப்படி பதிவாயிற்று.

எனினும், இம்முறைக்கு மறுபுறமும் உண்டு. இங்கிலாந்தில் தோற்பாதுகை செய்து விற்ற வணிகர் ஒருவர் தம் தொழிலைக் கம்பெனியாக்கினார். அதன் 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை; எஞ்சிய ஆறும் குடும்பத்தாருடையவை. கம்பெனி நொடித்தபோது, ஈடு பெறாமல் கடன் கொடுத்திருந்தோர் வெறுங்கையராயினர். கம்பெனி வேறு, வணிகர் வேறு. கம்பெனியின் கடனுக்கு அவர் பொறுப்பாளியல்லர் என்று 1896-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்த்தது. இன்றுகாறும் கம்பெனிச் சட்டத்தின் அடிக்கல் இத்தீர்ப்பே. அதாவது, ஆள் என்னும் நிலை ஒரு மதில். அது வெளியாரின் கையிலிருந்து உள்ளாரைக் காக்கும்.

இம்மதிலின் தீங்கை அறிந்தே, சட்டம் அதற்கு வாயில்கள் பல வைத்தது. கம்பெனிக்குப் பதிவு உண்டு. கணக்குத் தணிக்கை உண்டு. பெயரும் முகவரியும் உடைய இயக்குநர்கள் உண்டு. வஞ்சனை வெளிப்படின் நீதிமன்றம் முகத்திரையை நீக்கி உள்ளே இருப்பாரைப் பிடித்தலும் உண்டு. உள்ளே மனிதர் இருப்பதனாலன்றோ திரையை நீக்குவதில் பயன் உண்டு?

நொய்யலும் கங்கையும்

பொறுப்பு சிதறினால் நேரும் துன்பத்தை இக்கொங்கு நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றித் திருப்பூர் வழியே ஓடிக் காவிரியிற் கலக்கும் நொய்யலில், சாயப்பட்டறைகளின் கழிவுநீர் கலந்தது. பாசனத்திற்கென 1992-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. பட்டறைகளோ பல. யாருடைய பட்டறையின் நீர் யாருடைய கிணற்றைக் கெடுத்தது என்று பிரித்துக் காட்டுதல் அரிது. ஆதாயம் பலர்க்குப் போயிற்று; இழப்பு மட்டும் கீழ்ப்பாசன உழவர்மேல் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுவன்றோ?

நொய்யல் ஆயக்கட்டு உழவர் சங்கத்தார் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2006-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றமும், 2009-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும், கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை நாட்டின. ஆணைகள் நிறைவேறாமை கண்டு, 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளிவிடாத முறையை மேற்கொண்ட பின்னரே அவை மீளத் திறக்கலாயின.

இதனோடு கங்கையின் கதையை ஒப்பிடுக. 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட ஆட்களென அறிவித்தது. வெள்ளத்தால் உயிரும் பொருளும் இழந்தார் ஆற்றின்மேல் வழக்குத் தொடுத்தால் ஈடு கொடுப்பவர் யார் என்று அம்மாகாண அரசு உச்சநீதிமன்றத்தில் வினவிற்று. அவ்வாண்டு சூலைத் திங்களிலேயே தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. நொய்யலை எவரும் ஆளாக்கவில்லை. ஆயினும், கடமை மனிதர்மேல் சுமத்தப்பட்டதனால் வழக்குப் பயன் தந்தது. கங்கை ஆளாயிற்று, ஆயினும், பின்னே நின்று பொறுப்பேற்பார் யாவர் என்பது தெளிவாகாமையின் அத்தீர்ப்பு நிலைபெறவில்லை. பெயரளவில் ஆளாதலைவிடப் பொறுப்பாளர் இன்னார் என்று தெளிதலே முதன்மையானது என்பது இவற்றால் விளங்கும்.

அறிவுப்பொறியின் வழக்குகள்

மேற்கூறிய அளவுகோலைக் கொண்டு அறிவுப்பொறியின் வழக்குகளை அளப்போம். தாபஸ் என்னும் பொறியை இயற்றிய அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் தாலர், உணவுக் கலம் ஒன்றையும் மின்னும் விளக்கு ஒன்றையும் அப்பொறியே கண்டுபிடித்ததெனக் கூறி, பல நாடுகளிற் காப்புரிமை வேண்டினார். தென்னாப்பிரிக்கா 2021-ஆம் ஆண்டில் அதனைப் பதிவு செய்தது. அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து உச்சநீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களிலும் மறுத்தன. இவ்வழக்கில் நோக்கத்தக்கது ஒன்று. காப்புரிமை பொறிக்குச் சேரவேண்டும் என்று தாலர் வாதிடவில்லை. பொறியின் உடையவராகிய தமக்கே சேரவேண்டும் என்றுதான் வாதிட்டார். புகழ் பொறிக்கு, பொருள் உடையவருக்கு! பொறியின் உரிமைக்குப் போராடியவரும் அதன் கையில் உடைமையை வைக்க எண்ணவில்லை.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதனை முன்னரே ஒருவாறு தெளிவாக்கியுள்ளது. 1994-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற அச்சட்டப்படி, கணிப்பொறியால் ஆக்கப்பட்ட நூலுக்கு ஆசிரியர், அதனை ஆக்குவித்த ஆளே.

மற்றொரு வழக்கு சிறிதாயினும் கருத்திற் பெரிது. கனடா நாட்டு விமானக் கம்பெனி ஒன்றின் இணையதளத்தில் உரையாடும் பொறி, பாட்டியை இழந்த பயணி ஒருவருக்குத் துக்கப் பயணக் கட்டணச் சலுகையைப் பற்றிப் பிழையாக விடையிறுத்தது. அதனை நம்பிப் பணமிழந்த அவர் முறையிட்டார். அப்பொறி தன் சொல்லுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் என்னும் கருத்துப்படக் கம்பெனியார் வாதிட்டனர். 2024-ஆம் ஆண்டில் தீர்ப்பாயம் அவ்வாதத்தைத் தள்ளி, ஏறத்தாழ 812 டாலர் கொடுக்குமாறு கம்பெனிக்கு ஆணையிட்டது. பொறியை ஆளாக்குவதால் முதற்பயன் அடையக்கூடியவர் யார் என்பது இங்கே வெள்ளிடைமலையாகத் தோன்றும்.

பெருமாநல்லூரில் இது நிகழின்

இதனை நம் வட்டாரத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாகக் கொள்வோம். ஐரோப்பிய வணிகர் ஒருவரிடமிருந்து நீலநிறப் பனியனுக்கு ஆர்டர் வருகின்றது. நூலையும் நீரையும் துணியின் எடையையும் கணித்துச் சாய அளவைச் சொல்ல ஓர் அறிவுப்பொறி. பின்னிய துணியில் துளையும் ஊசிக்கோடும் உளவா என்று காமிரா கொண்டு நோக்க மற்றொன்று. பொறி பிழைபடக் கணித்து நிறம் மாறிற்று. சரக்குத் திரும்பி வந்தது. இழப்பு யாருடையது?

இன்றைய சட்டத்தில், பொறியை இயற்றியவர், விற்றவர், ஏவியவர் எனப் பொறுப்பை ஆராய ஒரு வரிசை உண்டு. பொறி தனி ஆளாயின், இம்மூவரும் ஒருமித்துப் பொறியைச் சுட்டுவர். பொறியின் பணப்பையில் அவர்கள் இட்ட அளவே பணம் இருக்கும். அது தீர்ந்தபின், கூலிக்குச் சாயமேற்றிய சிறு பட்டறைக்காரரும், பீஸ் ரேட்டுக்குத் தைத்த பெண்டிரும் யாரிடம் போய்க் கேட்பர்? பொறிக்குப் பசியில்லை, மானமில்லை, சிறையச்சமில்லை. உடைமையை இழத்தல் துன்பமென்று உணராத ஒன்றிற்குத் தண்டம் விதித்தலாற் பயன் யாது?

எதிர்வாதங்கள்

எதிர்வாதியார் கூற்றுக்களையும் நடுநிலையோடு நோக்குவாம். பொறியின் பெயரில் நிதி ஒன்று இருப்பின், கெட்டவர்க்கு எளிதில் ஈடு கிடைக்கும் என்பர் சிலர். ஐரோப்பியப் பாராளுமன்றமே 2017-ஆம் ஆண்டில் இத்தகைய மின்னணு ஆள் நிலையை ஆராயுமாறு கேட்டதுண்டு. ஆயினும், அது வேண்டுவதில்லை என்று 2020-ஆம் ஆண்டில் அம்மன்றமே கூறிற்று. ஈடு கொடுத்தற்குப் பொறியை ஆளாக்க வேண்டுவதில்லை. பெருமாநல்லூர் வழியே இரவும் பகலும் ஓடும் லாரிகள் ஆட்களல்ல; ஆயினும், மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாய இன்சூரன்சு இருத்தலின் அடிபட்டவர் ஈடு பெறுகின்றனர். தூத்துக்குடித் துறையில் நிற்கும் கப்பலையே பிரதிவாதியாக்கி, அதனைத் தடுத்து நிறுத்திக் கடனை வசூலித்தலும் கடற்சட்டத்தில் உண்டு. அதனாற் கப்பல் எப்பொருளுக்கும் உடையதாகிவிடவில்லை. சுமை மட்டும் வைத்து உரிமை வையாமலிருத்தல் சட்டத்திற்கு இயலும்.

பிற்காலத்தில் பொறி இன்ப துன்பம் உணருமாயின் என் செய்வது என்பர் வேறு சிலர். அவ்வாறு உணருமென்பது மெய்ப்பிக்கப்படின், அப்பொழுது நம் அறக்கடமை மாறும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், துன்பத்தினின்று காத்தல் வேறு. உடைமை நல்கல் வேறு. காங்கேயங் காளை நோவறியும். ஆதலின் அதனை வதைத்தல் 1960-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். ஆயினும், அக்காளையின் பெயரில் பட்டா இல்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் நாம் கொள்ளும் முடிபு இது. ஒன்றை ஆளாக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். அது காப்பது எளியவரையா, வலியவரையா? அதன் பின்னே கணக்கொப்புவிக்கும் மனிதர் உளரா? கடமையும் தண்டமும் அதனை உறுத்துமா? கோயில் தெய்வம் முதலிரண்டிலும் தேறி, மூன்றாவதில் தன் காப்பாளர் வாயிலாகத் தேறுகின்றது. கம்பெனி, சட்டத்தின் இடையறாத காவலால் ஒருவாறு தேறுகின்றது. அறிவுப்பொறி இன்றைய நிலையில் மூன்றிலும் தேறவில்லை. ஆதலின், அதற்கு உடைமை உரிமை நல்குதல் அறிவுடைமை ஆகாது என்பது எம் துணிபு.

அதற்கு மாறாகச் செய்யத்தக்கவை உள. ஒவ்வொரு பொறிக்கும் பெயர் குறித்த பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். அது கணித்தவற்றின் பதிவுகள் அழியாமற் காக்கப்படல் வேண்டும். பெருந்தீங்கு விளைக்கக்கூடிய பொறிகட்குக் கட்டாய இன்சூரன்சு வேண்டும். பொறியின் பிழையைக் கூலிக்குச் செய்பவர் தலையில் ஏற்றாத ஒப்பந்தங்கள் வேண்டும். பொறியால் வரும் ஊதியம் மனிதர் கையிலோ கம்பெனிக் கணக்கிலோ வந்து, அங்கே வரிக்கு உட்படல் வேண்டும்.

தாலந்துகளின் உவமையை நம் கல்லூரி மாணவர் அறிவர். எசமான் திரும்பி வந்தபோது கணக்கொப்புவித்தவர் ஊழியக்காரரேயன்றித் தாலந்துகள் அல்ல. ஒருவன் தாலந்தை நிலத்திற் புதைத்தான். புதைத்த குற்றமும் அவனுடையதே ஆயிற்று. அறிவுப்பொறியும் நம் தலைமுறையார் கையில் அளிக்கப்பெற்ற ஒரு பெருந்தாலந்து. நாளைச் சட்டமன்றத்திற்கும் நீதிமன்றத்திற்கும் தொழிற்சாலைக்கும் செல்லவிருக்கும் மாணவர்கள் அதனை அஞ்சாது ஆளக் கற்றுக்கொள்வாராக; கணக்கொப்புவிக்கும் கடமையை மட்டும் அதன் தலையில் இறக்கி வைக்க ஒருப்படாதிருப்பாராக.